கூரையில் பாதி

ஏலத்தில் எனக்கு எதிராகக் கை தூக்கியது ஒருவர்தான்.
அவருக்கு ஆடு அடைக்க இடம் வேண்டியிருந்தது.
கார்டிஃபில் ஓர் அறை வீட்டின் பாதி விலைக்கு
பெத்தேல் எனக்கு வந்தது:
கருங்கல் சுவர் நான்கு, கூரையில் பாதி,
நெற்றியில் 1868,
கடைசி ஞாயிறு பாடிய பாட்டுகளின் எண்களோடு ஒரு பலகை.
ஓர் எண்ணில் நடு இலக்கம் விழுந்துவிட்டது.
எந்தப் பாட்டு என்று இனித் தெரியப்போவதில்லை.

பத்திரத்தில் பாதி, சட்டத்தில் பாதியாக நிபந்தனைகள்.
மது விற்கக் கூடாது.
வௌவால்களின் தூக்கம் கலையக் கூடாது.
கல்லறைக்கு வருகிறவரை வழிமறிக்கக் கூடாது.
"குடிக்கக் கூடாதென்று எங்கும் இல்லை" என்றான் மெய்ரிக்,
பத்திரத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு.

வௌவால்கள் குட்டி போட்டிருந்தன.
செப்டம்பர் வரை கூரையைத் தொட முடியாது.
அதுவரை மழை தன் இஷ்டத்துக்கு உள்ளே வந்து போனது.
வேல்ஸ் மழைக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.
பதினோரு வாளிகள் வைத்தேன்,
ஒவ்வொன்றும் ஒரு சுருதியில்.
பிரசங்க பீடத்தின் மேல் வைத்ததுதான் எப்போதும் முதலில் நிறையும்.

பெஞ்சுகளை லாம்பீட்டரில் பப் நடத்துகிறவன் வாங்கிப் போனான்.
மதுவைத் தொடமாட்டோமென்று சத்தியம் செய்தவர்கள்
உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாக்கிய பலகைகள்.
அந்தப் பணத்தில் சிலேட் ஓடு வந்து இறங்கியது.
கணக்கு சரிதான்.
எனக்குத்தான் இரண்டு நாள் சரியாக இல்லை.

நான் குழாய் வேலைக்காரி. கடவுள் நம்பிக்கை கிடையாது;
கசிவின்மேல் மட்டும் உண்டு.
பீடத்துக்கு முன்னால் தரையைத் தட்டியபோது
பலகை வேறு குரலில் பதில் சொன்னது.
கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம்.
கீழே, ஆறு படி இறங்கும் ஞானஸ்நானத் தொட்டி.
வெள்ளை ஓடு பதித்தது,
அடியில் அரைச்சாண் சேறு, ஒரு தவளை,
ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ஈயக் குழாய்.
மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.
பெயர் தெரியாத எவனோ செய்த வேலை;
நூற்றைம்பது வருடமாக ஒரு சொட்டு விடவில்லை.
அவனிடம் மட்டும் மனசுக்குள் வணக்கம் சொன்னேன்.

வியாழக்கிழமை கான்கிரீட் லாரி வர இருந்தது.
சமையலறை அங்கேதான் என்று வரைபடம் சொன்னது.

புதன்கிழமை மிஸஸ் புரோதெரோ வந்தார்,
பால் பாட்டிலில் மூன்று டேலியாக்களோடு.
கணவர் கல்லில் வைக்கும் முன்
தண்ணீர் கேட்டு வாசலில் நின்றவர்
பள்ளத்தைக் கண்டதும் பேச்சை விட்டார்.
பிறகு தன் நல்ல ஷூவோடு
குப்பையை மிதித்து விளிம்புவரை வந்தார்.

பதினாறு வயதில், வெள்ளை அங்கியில்,
இதே இரண்டாம் படிவரை இறங்கி
ஊரே பார்க்கத் திரும்பி ஓடியவராம்.
அப்பா அதன்பிறகு சாகும்வரை
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரோடு பேசவில்லை;
மற்ற ஆறு நாளும் பேசினார்.
"குளிருக்குப் பயந்தேன் என்று சொல்லிவைத்தேன்."
நான் ஏன் என்று கேட்கவில்லை.
மெய்ரிக் தேநீர்க் கோப்பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றான்.
அவர் காரைத்துண்டு ஒன்றை எடுத்து உள்ளே போட்டார்.
தவளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.
"இவ்வளவு ஆழம்தானா" என்றார்.
பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

லாரிக்காரன் போனில் கத்தினான். முன்பணம் போனது.
சமையலறை இப்போது வடக்குச் சுவரோரம்,
பட்டப்பகலில் விளக்குப் போட்டு வெங்காயம் நறுக்குகிறேன்.
தொட்டியின்மேல் ஓக் பலகை, பித்தளைக் கைப்பிடி.
தவளையை இரண்டு முறை ஓடையில் கொண்டுபோய் விட்டேன்.
மூன்றாம் முறை அது திரும்பி வந்தபோது
பேசாமல் இருந்துவிட்டேன்.

ஓடைப்பக்கத்து வால்வு துருவேறியிருந்தது, மாற்றினேன்.
இதுவரை திறந்து பார்த்ததில்லை.
திறந்தால் வரும்.